இடுப்பில் கைவைத்து நிற்பவள்

நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் எனக்குக் 'கத்தரி' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறேன். என் கையிலிருந்து வெளியே போகும் படத்தில் நுரையீரல் இருக்கும், இருதயம் இருக்கும், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இருக்காது. தோள், தாடை, கழற்ற மறந்த கம்மல், பயத்தில் தூக்கிய கை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கறுப்புப் பட்டையை இழுத்து மறைத்து, ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் டாக்டருக்கு அனுப்புவேன். கத்தரி என்ற பெயர் அதனால் வந்தது. "நெஞ்சு கேட்டா நெஞ்சை மட்டும் குடும்மா, ஊர்வலமெல்லாம் வேண்டாம்" என்று பழைய டாக்டர் சொல்லிப் பழக்கியது அது. பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கிறது என்று அவர் ஒருமுறை பாராட்டியதை வீட்டில் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எட்டாவது நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சாப்பிட வந்தார்.

இந்தப் படத்துக்கு நிற்க ஒரு விதம் உண்டு. நெஞ்சைப் பலகையில் ஒட்ட வேண்டும். தாடையை மேலே தூக்கி வைக்க வேண்டும். இரண்டு புறங்கையையும் இடுப்பில் ஊன்றி, முழங்கைகளை முன்பக்கமாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் முதுகிலுள்ள தோள்பட்டை எலும்புகள் வழிவிட்டு நகரும், நுரையீரல் மறைப்பில்லாமல் தெரியும். பிறகு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். இத்தனையும் சொல்லிப் புரியவைப்பதற்குள் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். "சண்டைக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க" என்று சொன்னால் மட்டும் எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிடுகிறது. பரம சாதுக்கள்கூட அந்த ஒரு நிமிஷம் பிரமாதமாக நிற்பார்கள்.

அப்படி நிற்பதற்கென்றே பிறந்தவள் என் நாத்தனார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறாள். டவுன் பஸ் ஓட்டுகிறாள், பதினேழாம் நம்பர். கல்யாணப் பேச்சோடு வந்தவர்களிடமெல்லாம், "தினம் நாப்பது பேரைக் கூட்டிட்டுப் போறேன், இன்னொருத்தரை எங்க உக்கார வைக்கிறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டவள். டிப்போவில் அவளுக்கு 'ஹார்ன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயரை மாற்றுவானேன் என்று நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்.

என் சமையலறை வாசலில் வந்து இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள் என்றால் எதிர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பார்கள். தண்ணீர் மோட்டாரை அணைக்காததற்கு ஒரு சண்டை, அவள் யூனிபாரத்தை நான் மடித்த லட்சணத்துக்கு ஒரு சண்டை. ஒன்று சொல்ல வேண்டும், எத்தனை கோபத்திலும் 'நீங்க, வாங்க' தான். மரியாதை குறையாமல் மானத்தை வாங்குவாள்.

இரண்டு வருஷமாக அது நின்றுபோயிருந்தது. வாசல்வரை வருவாள், கையைக் கட்டிக்கொண்டு இரண்டு வார்த்தை சொல்வாள், போய்விடுவாள். கை இடுப்புக்குப் போகவே இல்லை. இனி தன் பருப்பு என்னிடம் வேகாது என்று புரிந்துகொண்டு அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். அதே சமயத்தில்தான் இடுப்புவரை தொங்கிய முடியைக் காதோடு வெட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்தாறு வயதில் ஸ்டைல் கேட்கிறதாக்கும் என்றேன். அதற்கும் சண்டை வரவில்லை. என் நல்ல கோப்பைகளில் இரண்டைக் கைதவறிப் போட்டு உடைத்தாள். பழிவாங்குகிறாள் என்று முடிவுகட்டி, மிச்சத்தை உயரத்தில் ஏற்றி வைத்தேன். காலை ஷிப்ட்டை யார் யாரிடமோ கெஞ்சி மாற்றிக்கொண்டு மதியம்தான் போனாள். சரியான தூங்குமூஞ்சி ஆகிவிட்டாள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போல 'ம்' என்றார்.

*

பழைய டாக்டர் ஓய்வு பெற்று, படம் பார்க்கப் புதிய டாக்டர் வந்தாள். சின்னப் பெண், முப்பது முப்பத்திரண்டு இருக்கும். வந்த முதல் நாள் செய்த வேலையைப் பார்த்து எனக்கு மயக்கமே வந்தது. என் படத்தைத் திரையில் திறந்தாள். மேஜையிலிருந்து இரண்டு வெள்ளைக் காகிதத்தை எடுத்தாள். ஒன்றை வலது நுரையீரல் மேல், ஒன்றை இடது நுரையீரல் மேல், பசை நாடா போட்டு ஒட்டினாள். பிறகு நாற்காலியில் சாய்ந்து, மிச்சம் இருந்ததைப் பார்த்தாள். என் படத்தில்தான் மிச்சம் என்று ஒன்று கிடையாதே.

"அக்கா, தோள் எங்க?"

"நெஞ்சு எக்ஸ்ரேன்னு எழுதியிருந்துச்சு டாக்டர். தோள்னு எழுதலை."

"நுரையீரல் பளிச்சுன்னு இருக்கும், கண்ணு நேரா அங்க போயிடும். ஓரத்துல இருக்கிறது கண்ணுல படாது. அதனால நான் முதல்ல நடுவை மூடிட்டுத்தான் பார்ப்பேன். பழக்கம்." கறுப்புப் பட்டையை விரலால் தட்டினாள். "இதுக்கு அடியில இருக்கா?"

"இருக்கு. ஒரிஜினல் அப்படியே இருக்கும். மேல மூடி மட்டும்தான்."

"அப்போ இனிமே மூடாதீங்க. தேவையில்லாத இடத்துல கதிரைப் பாய்ச்சுறதும் தப்பு, பாய்ச்சிக் கிடைச்சதை மறைக்கிறதும் தப்பு."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் என்னைப் பார்த்து இரண்டு தப்பு என்று ஒரே மூச்சில் சொன்ன முதல் ஆள். அன்றே அவளுக்கு 'ஓரம் டாக்டர்' என்று பெயர் வைத்து, சாயங்காலத்துக்குள் சென்டர் முழுக்கப் பரப்பிவிட்டேன். என்னிடம் அந்த அளவுக்கு நல்ல குணம் உண்டு.

ஆனால் பதினைந்து நாள் கழித்து ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். நாள்பட்ட இருமல். மூடாமல்தான் அனுப்பினேன், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு. ஓரம் டாக்டர் காகிதத்தை ஒட்டினாள், பார்த்தாள், எழுந்து நேராக வெளியே போனாள். படம் பார்க்கும் டாக்டர் நோயாளியைப் போய்ப் பார்ப்பதே அபூர்வம். நானும் பின்னாலேயே போனேன்.

"ஐயா, காலையில எழுந்ததும் விரல் மடங்குதா?"

துணிக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். "இருமலுக்குத்தானே வந்தேன்? ஆனா மடங்காதுங்க. ஒரு மணி நேரம் ஆகும். வெந்நியில வைப்பேன். உங்களுக்கு யாரு சொன்னது?"

"உங்க தோள் சொல்லிச்சு."

திரும்பி வந்து எனக்குக் காட்டினாள். கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் குறுக்கே ஓடுகிற காறை எலும்பு, தோளில் போய் முட்டும் இடத்தில் தடிமனாக இருக்க வேண்டும், என் கட்டைவிரல் அளவுக்கு. அவருக்கு அந்த முனை பென்சில் சீவியது போலக் கூர்மையாகிப்போயிருந்தது. கை எலும்பின் தலை கிண்ணத்துக்குள் உட்காராமல் மேலே ஏறி நின்றது. பின்பக்க விலா எலும்புகள் சிலவற்றின் மேல்விளிம்பு அரித்திருந்தது.

"மூட்டு வியாதி பல வருஷம் உள்ள இருந்தா இப்படிச் சாப்பிடும். முடக்குவாதமா இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். படத்தை மட்டும் வெச்சுப் பேர் வைக்கக் கூடாது. ரத்தம் பார்க்கணும், கையைப் படம் எடுக்கணும். ஆனா போய்ப் பாருன்னு இது கூப்பிட்டுச் சொல்லுது அக்கா."

அசந்துதான் போனேன். அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன், துணிக்கடைக்காரரைப் போலவே வாயைப் பிளந்து காட்டி. வீட்டுக்காரர் சிரித்தார். ஹார்ன் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? வெந்நியும் கையுமா இருப்பாரு" என்றேன்.

*

டிரைவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை உண்டு. கண், காது, ரத்த அழுத்தம், நெஞ்சு எக்ஸ்ரே. எல்லாம் எங்கள் சென்டரில்தான். தேறாதவர்களை வண்டியிலிருந்து இறக்கி, டிப்போ வாசலில் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் உட்காரவைத்துவிடுவார்கள். அந்தக் கண்ணாடிக் கூண்டை ஹார்ன் 'மீன் தொட்டி' என்பாள். அங்கே போவதற்கு வீட்டிலேயே கிடக்கலாம் என்பாள்.

துணிக்கடைக்காரர் வந்ததற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை அவள் முறை. எக்ஸ்ரே அறைக்கு என்று ஒரு அங்கி உண்டு, முதுகுப் பக்கம் நாடா. உடை மாற்றும் மறைப்புக்குள் போனவள் பத்து நிமிஷமாக வரவில்லை.

"என்ன, உள்ள தூங்கிட்டியா?"

நாடா கட்டாமலேயே வெளியே வந்தாள். நான் கட்டிவிட்டேன், இதுகூடத் தெரியாதா என்று சலித்துக்கொண்டு. பலகை முன்னால் நிறுத்தி, "உனக்கு நான் சொல்லித் தரணுமா? சண்டைக்கு நில்லு" என்றேன்.

புறங்கை இடுப்பில் படவில்லை. மணிக்கட்டைத்தான் ஒட்டவைத்தாள். முழங்கையை முன்னால் தள்ளப் பிடித்தேன், பாதிகூட வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். போன வருஷமும் இப்படித்தான் நின்றாள் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே என் படத்தைக் கெடுக்கிறாள் என்று போன வருஷம் அவளைத் திட்டியதும் ஞாபகம் வந்தது. முடியாதவர்களுக்குச் சொல்வதைப் போலப் பலகையின் இரு பக்கக் கைப்பிடியையும் கட்டிக்கொள்ளச் சொல்லிப் படத்தை எடுத்தேன்.

திரையில் வந்தது. நுரையீரல் கண்ணாடி மாதிரி சுத்தம். ஓரம் டாக்டர் போல் இரண்டு உள்ளங்கையாலும் அதை மூடிப் பார்த்தேன்.

இரண்டு காறை எலும்பின் முனையும் சீவிக் கிடந்தது.

பழைய கோப்பைத் திறந்தேன். போன வருஷத்துப் படம், அதற்கு முந்தின வருஷத்துப் படம். இரண்டும் என் கைவண்ணம், பாஸ்போர்ட் போட்டோ. மவுஸால் கறுப்புப் பட்டையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினேன். முந்தின வருஷம் முனை கொஞ்சம் மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். போன வருஷம் பாதியாகியிருந்தது. இந்த வருஷம் கூராகி, தோளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டிருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் இந்த அறையில், இந்தக் கம்ப்யூட்டரில், என் பட்டைக்கு அடியில் இருந்திருக்கிறது.

"தெரியுதா அண்ணி?"

அங்கியோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க துணிக்கடைக்காரர் கதை சொன்னீங்களே, அன்னைக்கு மாடிக்குப் போய் ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எனக்கும் வெந்நிதான். ரெண்டு வருஷமா."

"முடி வெட்டினது?"

"கை பின்னாடி போனாத்தானே கொண்டை போட?"

உடைந்த கோப்பைகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

"அண்ணி" என்றாள் மெதுவாக. ஹார்ன் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "டாக்டர் இன்னும் வரலை இல்ல?"

"மதியம் மூணு மணிக்கு மேல."

"வழக்கம்போல வெட்டிடுங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நுரையீரல் நல்லா இருக்குன்னு எழுதுவாங்க. ரத்த அழுத்தம், கண்ணு எல்லாம் தேறிட்டேன். மூட்டைப் பத்தி யாரும் கேக்கலை. நானா தனியாப் போய் எங்கயாவது காட்டிக்கிறேன். இதை அவங்க பார்த்தா என்னை மீன் தொட்டியில போட்டுடுவாங்க அண்ணி. வண்டியை எடுத்துட்டா நான் யாரு?" கண் கலங்கியிருந்தது. "நீங்க ஊருக்கே வெட்டுற கை. எனக்காக ஒரு தடவை."

மதிய ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். நான் பட்டையை இழுத்து மூடினேன். எவ்வளவு பழகிய கை, ஒரு விநாடிதான் ஆனது. பிறகு திறந்தேன். மறுபடி மூடினேன். அடுத்த படத்துக்காக வரிசையில் நின்றிருந்த டிப்போ வாட்ச்மேன், "மேடம், நான் நிக்கலாமா, போகலாமா?" என்று கேட்டார்.

*

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறக்காமல் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். இருபது நிமிஷத்தில் பதினேழாம் நம்பர் வந்தது. பின்பக்க வாசலில் ஏறி, அவள் கைகள் தெரியும்படி நடுவில் ஒரு ஜன்னல் இருக்கையில் உட்கார்ந்தேன்.

ஹார்ன் வண்டி ஓட்டுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்த்ததே இல்லை என்றும் சொல்லலாம். எல்லோருக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தாள். கைத்தடியோடு ஏறியவர் உட்காரும்வரை வண்டியை நகர்த்தவில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியிடம், "இன்னைக்காவது குடையை எடுத்துட்டு இறங்குங்க" என்றாள். வண்டியே சிரித்தது. அந்த இருக்கையில் அவள் ராணி. அவள் கேட்டதைச் செய்துவிடலாம் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே முடிவெடுத்தேன். என் நாத்தனார், என் கத்தரி, நடுவில் யார் கேட்பது?

பிறகு அவள் கையைப் பார்த்தேன்.

விரல்கள் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. உள்ளங்கையின் அடிமேட்டை அதில் ஊன்றி, உடம்பையே சாய்த்துத் திருப்பினாள். ஹேண்ட் பிரேக்கை மணிக்கட்டை மாட்டி இழுத்தாள். கடைத்தெரு முனையில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். அவள் கண்ணில் குறை இல்லை, காலில் குறை இல்லை, பிரேக் அந்தக் கணமே விழுந்தது. ஆனால் ஒடித்துத் திருப்பும்போது ஸ்டியரிங் உள்ளங்கையில் வழுக்கிவிட்டது. வண்டி ஒரு முழம் விலகி, நடைபாதையை உரசிக்கொண்டு நின்றது. சைக்கிள்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். பயணிகள் அவனைத்தான் திட்டினார்கள். ஹார்ன் மட்டும் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே நான் இருந்தேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

"இறங்குங்க, இது கடைசி ஸ்டாப்" என்றாள் திரும்பாமல்.

"நான் வெட்டப் போறதில்லை."

"அண்ணி..."

"மாட்டேன்."

இருக்கையிலிருந்து திரும்பினாள். "யார் யாருக்கோ வெட்டினீங்க. முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் வெட்டினீங்க. எனக்குன்னா மட்டும் கை வராதா?"

"உனக்கும்தான்டி வெட்டினேன்! ரெண்டு வருஷம் வெட்டினேன்!" கத்திவிட்டேன், காலி பஸ்ஸில் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "முதல் வருஷமே இருந்திருக்கு. லேசாத்தான். அன்னைக்கு நான் மூடாம விட்டிருந்தா ஒரு டாக்டராவது பார்த்திருப்பாங்க. உன் எலும்பு தேயத் தேய நான் உன்னைத் தூங்குமூஞ்சின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். மூணாவது தடவையும் என்னையே மூடச் சொல்றியா?"

நான் அழுதுகொண்டு இறங்கினேன். என்னை ஏற்றிக்கொள்ளாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள், ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன்.

சென்டருக்கு வந்ததும் மூன்று படத்தையும், பட்டையே இல்லாமல், ஓரம் டாக்டருக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதினேன்: 'முந்தைய இரண்டு வருடமும் தோள் பகுதியை மறைத்து அனுப்பியது நான்.'

ஓரம் டாக்டர் வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். காகிதங்கள் திரையில் ஒட்டியிருந்தன. திட்டுவாள் என்று தயாராக நின்றேன்.

"யாரு அக்கா இது?"

"என் நாத்தனார்."

ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு, "உக்காருங்க" என்றாள். "போன எலும்பு திரும்ப வராது. அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மிச்சத்தைக் காப்பாத்த இப்போ மருந்து இருக்கு. இன்னைக்கே மூட்டு டாக்டருக்குச் சீட்டு எழுதுறேன்" என்றாள். அறிக்கையில், தோள் மூட்டுகள் நாள்பட்டுத் தேய்ந்திருக்கின்றன, காரணம் கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டும், மறுபரிசோதனைவரை வண்டி ஓட்டுவது உசிதமல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மறுநாளே ஹார்ன் மீன் தொட்டிக்குப் போனாள்.

*

நாற்பத்தொரு நாள் என்னோடு பேசவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

ரத்தப் பரிசோதனையும் கை எக்ஸ்ரேவும் முடக்குவாதம்தான் என்று சொல்லிவிட்டன. வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, விரலுக்கும் தோளுக்கும் பயிற்சி. இதெல்லாம் எனக்கு வீட்டுக்காரர் மூலம் தெரியும். இரண்டு நாட்டுக்கும் நடுவில் தூதராக மாட்டிக்கொண்டு அந்த மனிதர் இளைத்துப்போனார்.

"அவகிட்ட கேளுங்க, மாத்திரை போட்டாளான்னு."

மாடிக்குப் போய்விட்டு வருவார். "போட்டுட்டாளாம். அதைக் கேக்க நீ யாருன்னு கேக்கச் சொன்னா."

"நான்தான் அவ அண்ணின்னு சொல்லுங்க."

"என் முழங்காலுக்கும் அவ மருந்தைத்தான் குடுக்கணும் போல, எத்தனை தடவைதான் ஏறுறது" என்பார்.

நாற்பத்திரண்டாம் நாள் என்னோடு பேசினாள். "உப்பு குறைச்சல்" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனாலும் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டுதான் பேசினாள், வேலை விஷயம் ஒன்றும் பேசமாட்டாள். டிப்போ பக்கம் போனபோது ஒருநாள் தூரத்திலிருந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பதினேழாம் நம்பர் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ் வாங்க வந்தவர் இரண்டு தடவை தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. நான் செய்தது சரிதானா என்ற யோசனையில் அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

என்னால் ஆனதை வீட்டில் செய்தேன். உயரத்தில் ஏற்றிய கோப்பைகளைக் கீழே இறக்கினேன். சமையலறையில் சர்க்கரை, காப்பித்தூள், உப்பு என்று எந்த டப்பாவையும் இறுக்கி மூடுவதை விட்டுவிட்டேன். மூடியைச் சும்மா மேலே வைப்பேன், காலையில் அவள் இறங்கி வந்தால் விரல் நோகாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று. யாரிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் மூடியதற்கு இதையாவது திறந்து வைப்போம் என்று ஒரு கணக்கு.

எட்டு மாதம் ஓடியது. அன்று எனக்கு லீவு. மத்தியானம் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே வீட்டுக்காரர் யாரிடமோ போனில், "மறுபரிசோதனையில தேறிட்டாளாம், ஓட்டியும் காட்டினாளாம்... ஆமா, ரெண்டு ரவுண்டு... நாளையிலேருந்து பதினேழாம் நம்பர்" என்று கத்துவது கேட்டது. நான் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு ஹார்ன் நின்றாள், யூனிபாரத்தோடு. கையில் சர்க்கரை டப்பா.

"அண்ணி, இது என்ன?"

"சர்க்கரை."

"எறும்பு! சர்க்கரையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு! எட்டு மாசமாப் பார்க்கிறேன், இந்த வீட்டுல ஒரு டப்பாவாவது ஒழுங்கா மூடியிருக்கா? உப்பு கட்டியாகுது, காப்பித்தூள் நமுத்துப் போகுது. ஊர்ல இருக்கிறவங்க நெஞ்சையெல்லாம் மூடத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு சர்க்கரை டப்பாவை மூடத் தெரியாதா?"

டப்பாவை மேடையில் வைத்தாள். மூடியை அழுத்தித் திருகி, நான் பார்க்கும்படி இறுக்கினாள். பிறகு நிமிர்ந்து இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள்.

அதற்கு மேல் அவள் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. எதிர் வீட்டில் டிவி சத்தம் குறைந்தது மட்டும் தெரிந்தது. அவள் மணிக்கட்டைப் பார்த்தேன், புறங்கை இடுப்பில் பதிந்திருந்தது. விரல்கள் பின்பக்கம் மடங்கியிருந்தன. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"நான் திட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க எதைப் பார்க்கிறீங்க?"

"முழங்கையை முன்னாடி தள்ளு" என்றேன்.

அவள் புருவம் சுருங்கியது. என்னையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக இரண்டு முழங்கையையும் முன்னால் கொண்டுவந்தாள். முழுசாக இல்லை, கடைசியில் கொஞ்சம் நின்றுவிட்டது. ஆனால் வந்தது.

"தாடையைத் தூக்கு. மூச்சை இழு."

இழுத்தாள்.

"பிடிச்சுக்கோ."

அடுப்பில் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.